தன் விருப்பத்தின் பேரில்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். ஒரு தாய் தானே எழுதிக் கொடுப்பதுபோல எழுதினேன். அந்தத் தாயை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை.

அப்போது எங்கள் ஆசிரியர் சங்கத்தில் வட்டாரத் துணைச் செயலாளராக இருந்தேன். என்னைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். கம்ப்யூட்டரில் அடித்த மனுவை அதிகாரிகள் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள், கையால் எழுதினால் நின்று படிப்பார்கள் என்று எங்கள் செயலாளருக்கு ஒரு நம்பிக்கை. அதனால் ஆரணி வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் சுவர் இடிந்தாலும், எந்த ஆசிரியருக்கு ஊதிய உயர்வு நின்றாலும் மனு என் கையெழுத்தில்தான் போகும்.

அந்தக் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தேன்: என் மகள் தன் விருப்பத்தின் பேரில் பள்ளித் தூய்மைப் பணியில் ஈடுபட்டாள், தவறான புரிதலால் நான் வீடியோ எடுத்துப் பகிர்ந்துவிட்டேன், தலைமை ஆசிரியை மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘தன் விருப்பத்தின் பேரில்’ என்ற சொற்கள் சரியான இடத்தில் வந்து விழுந்ததாக எனக்குள் சின்னத் திருப்திகூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை.

வீடியோ ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் சாலையில், உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. கழிப்பறை வாசலில் மூன்று சிறுமிகள். ஒருத்தி பக்கெட்டிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள், இரண்டு பேர் துடைப்பத்தால் தேய்க்கிறார்கள். பின்னால் மற்றக் குழந்தைகள் பிரார்த்தனைப் பாட்டுப் பாடுவது கேட்கிறது. ஊர் வேறு, காலனி வேறு என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று பேரும் காலனியிலிருந்து வருகிற பட்டியல் சாதிக் குழந்தைகள். அதில் ஒருத்தியின் அம்மாதான் வீடியோ எடுத்தவர்.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை எனக்கு அக்கா மாதிரி. மாதிரி என்ன, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பழைய ஓய்வூதியத்துக்காக நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது திருவண்ணாமலையில் எங்களைக் கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள். பாத்ரூமில் தண்ணீர் இல்லை. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபோது அக்கா மட்டும் நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், “நாங்க மனுஷங்களா இல்லையா? தண்ணி வர்ற வரைக்கும் நான் இந்த வாசல்ல இருந்து நகர மாட்டேன்” என்று நின்றார். ஒரு மணி நேரத்தில் லாரியில் தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து அவர் எது சொன்னாலும் எனக்குச் சரிதான்.

அதனால்தான் செயலாளர் போன் செய்து, “அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட ஒரு சமாதானக் கடிதம் வாங்கிடலாம் டீச்சர். போலீசுக்குப் போனா வன்கொடுமை கேஸ் ஆயிடும், எச்.எம். வேலையே போயிடும். ஜல்தியா எழுதுங்க” என்றபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளரின் காரில் இரண்டு பேரும் போனோம். அந்த அம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

“டீ போடட்டுங்களா?”

“வேணாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்” என்றார் செயலாளர்.

“ஆமாம்மா, வேணாம்” என்றேன் நானும்.

நாங்கள் எதுவும் குடித்துவிட்டு வரவில்லை. மாணவர் சேர்க்கைக்காக ஊருக்குள் வீடு வீடாகப் போகும்போது எந்த வீட்டிலும் டீயை நான் மறுத்ததில்லை. மறுத்தால் தப்பாக நினைப்பார்கள் என்று இரண்டு தடவை, மூன்று தடவைகூடக் குடித்திருக்கிறேன். இங்கே என் வாய் தானாகவே மறுத்துவிட்டது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. யோசிக்காமல் வந்துவிட்டதுதான் திரும்பி வரும் வழியெல்லாம் என்னைக் குடைந்தது.

செயலாளர் கடிதத்தை எடுத்தார். “நான் படிச்சிக் காட்டறேன். நீ கடைசியில கையெழுத்து மட்டும் போடு, போதும்.” ஊருக்குள் இதே வயதுப் பெண்களிடம் அவர் ‘நீங்க’ என்றுதான் பேசுவார்.

“குடுங்க சார். எனக்குப் படிக்க வரும். பன்னெண்டாவது படிச்சிகீறேன்” என்று வாங்கிக்கொண்டார் அந்த அம்மா.

சத்தமாக, நிதானமாகப் படித்தார். என் வரிகளை வேறொருவர் வாயால் கேட்பது எனக்குப் புதிதல்ல; கூட்டங்களில் படிப்பார்கள், கை தட்டுவார்கள். இங்கே அவர் பாதியில் நிறுத்தினார்.

“தன் விருப்பத்தின் பேரில்னு போட்டுகீது. யாரு விருப்பம் சார்?”

செயலாளர் சிரித்து மழுப்பினார். “அது சும்மா ஆபீஸ் பாஷைம்மா.”

“என் பொண்ணு போன மாசம் வெள்ளிக்கிழமை வந்தா ஸ்பூன் கேட்டா. வெள்ளிக்கிழமை மட்டும். மத்த நாளு கையாலதான் துன்றா, அன்னிக்கி இன்னாத்துக்கு ஸ்பூனுன்னு கேட்டேன். சொல்லவே இல்ல. மூணாவது வாரம் அழுதுகினே சொன்னா, கை நாத்தம் வருதும்மா, சோப்பு போட்டும் போவ மாட்டேங்குதுன்னு.” அவர் குரலை உயர்த்தவில்லை. “அதான் ஒரு நாளு கம்பெனிக்கு லீவு போட்டுட்டு ஸ்கூலுக்குப் போய் நின்னு பார்த்தேன். நீங்களே சொல்லுங்க டீச்சர், இது அவ விருப்பமா?”

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். உள்ளே கதவோரம் அந்தச் சிறுமி நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு. நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் அவள் பென்சில் நின்றிருந்தது.

“இல்லம்மா” என்றேன்.

செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன். கையெழுத்து இல்லாமலேயே கடிதத்தோடு திரும்பினோம். கிளம்பும்போது அந்த அம்மா என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காரில் ஆரணி வரும்வரை செயலாளர் பேசிக்கொண்டே வந்தார். அரசுப் பள்ளியை எப்போது மூடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குள் தனியார் பள்ளி வேன் மூன்று வருகிறது. இந்த வீடியோ இன்னும் பரவினால் மிச்சமிருக்கும் பிள்ளைகளும் வேனில் ஏறிவிடும். அப்புறம் ஆசிரியர் பணியிடம் போகும், பள்ளியே போகும். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வீடியோவால் அவருக்கு சஸ்பெண்ட் உத்தரவு வந்து மூன்றாவது நாள். சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார், “கையெழுத்து போடலயா?”

“போடல.”

“எட்டு மாசமா துப்புரவுக்கு ஆள் இல்ல. சம்பளம் வரலன்னு கழுவிகினு இருந்தவங்க நின்னுட்டாங்க. எத்தினி மனு குடுத்தேன்? நீதானே எழுதிக் குடுத்தே. பொம்பளப் புள்ளைங்க அந்த பாத்ரூமுக்குப் போக முடியாம அடக்கிகினு இருந்துதுங்க. நான் இன்னா பண்ணட்டும்? நானே ரெண்டு தடவ கழுவுனேன், தெரியுமா?”

அது உண்மை. மூன்று மனு என் கையெழுத்திலேயே போயிருந்தது. எதற்கும் பதில் வரவில்லை.

“சரிக்கா. ஏன் அந்த மூணு பொண்ணுங்க?”

கீரையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார், மறைக்காமல் சொன்னார்: “மத்த புள்ளைங்கள அனுப்பினா அவங்க வீட்டுல இருந்து சண்டைக்கு வருவாங்க. இவங்க வீட்டுல வர மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட்டுவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவர் உண்மையைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அங்கிருந்து ஓடிவிடவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

அந்த வாரம் முழுவதும் எதிலும் மனம் நிற்கவில்லை. என் கணவர் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டு, தறியில் மாட்ட அட்டையில் துளை அடித்துக் கொடுப்பவர். “நீ சங்கத்துல இருக்கியா, அந்தம்மா பக்கம் இருக்கியா? ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணு. நடுவுல நின்னா ரெண்டு பேருக்கும் பேஜாரு” என்றார். நியாயம்தான். ஆனால் ஏன் இரண்டில் ஒன்று என்று ஆகிவிட்டது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பொதுப்பள்ளியைக் காப்பாற்றுவோம் என்று வருஷம் தவறாமல் கத்துகிறோம். அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர் அந்த அம்மாதான். நாங்கள் யாரும் அனுப்பவில்லை. என் மகள் படித்தது தனியார் பள்ளியில்.

வியாழக்கிழமை மாலை அந்த அம்மா போன் செய்தார். “டீச்சர், நீங்க நல்லா எழுதறீங்க. நான் சொல்றத அப்படியே எழுதிக் குடுப்பீங்களா? ஷிப்டு முடிஞ்சி கம்பெனி பஸ்ல வந்துகினு கீறேன். ஆரணியில எறங்கிக்கறேன்.”

முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. சங்கப் பொறுப்பில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். “வாங்க” என்றேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதினோம். கம்பெனிச் சீருடையில் பசை வாசனை அடித்தது. நான் பழக்கத்தில் ‘சமூகம் உயர்திரு’ என்று ஆரம்பித்து, ‘மனிதாபிமானமற்ற கொடுஞ்செயல்’ என்று எழுதப் போனேன். அவர் தடுத்தார்.

“அதெல்லாம் வேணாம். மூணு பொண்ணுங்கள மட்டும் கக்கூஸ் கழுவ வெச்சாங்கன்னு போடுங்க. அது போதும்.”

“சரி. உங்க கோரிக்கை?”

“எந்தப் புள்ளையையும் அனுப்பக் கூடாது. கழுவறதுக்கு ஆளு போடணும். அப்பால...” கொஞ்சம் யோசித்தார். “பிரேயர்ல எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் எச்.எம். சொல்லணும், நான் பண்ணது தப்புன்னு. எங்க புள்ளைங்களும் கேக்கணும், ஊர்ப் புள்ளைங்களும் கேக்கணும்.”

“வேலையை விட்டு எடுக்கணும்னு...”

“அத்த எழுதாதீங்க. அவங்களுக்கும் குடும்பம் கீது.”

“பொண்ண வேற ஸ்கூல்ல சேக்கப் போறீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இன்னாத்துக்கு டீச்சர்? நான் படிச்ச ஸ்கூலு அது.”

என் வாழ்க்கையில் நான் எழுதிய மனுக்களிலேயே சின்னது அதுதான். ஒரு பக்கம்கூட வரவில்லை. கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவரே கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்.

எழுதும்போது ஒன்றை மறந்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் என் கையெழுத்தைத் தெரியாதவர் யாருமில்லை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், நான் உள்ளே நுழைந்ததும் செயலாளர் மேஜைமேல் ஒரு நகலை வைத்தார். “இது யார் எழுதினதுன்னு நான் கேக்கப் போறதில்ல” என்றார். பிறகு இரண்டு மணி நேரம் அதைப் பற்றியேதான் பேசினார்கள். சங்கத்துக்குள் இருந்துகொண்டு சங்கத்தின் முதுகில் குத்தியதாக ஒருவர் சொன்னார். சம்பளத்துக்காகப் போராடும்போது மட்டும் சங்கம் வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். அக்கா வரவில்லை, வந்திருந்தால் என்னால் வாயைத் திறந்திருக்க முடியாது.

நான் எழுந்து நின்றேன். “சஸ்பெண்ட ரத்து பண்ணச் சொல்லி நாம கேக்கலாம். நானே எழுதறேன். எட்டு மாசம் ஆள் போடாத ஆபீச விட்டுட்டு அக்காவ மட்டும் தண்டிக்கறது தப்பு. ஆனா அதே தீர்மானத்துல இன்னொரு வரி வேணும். அந்தக் குழந்தைகளுக்கு நடந்தது அநியாயம், அதுக்கு ஒரு ஆசிரியர் சங்கமா நாங்க வருந்தறோம்னு. இது ரெண்டும் ஒரே தாள்ல இருக்க முடியாதா?”

“நாம சங்கம், டீச்சர். கோர்ட் இல்ல” என்றார் செயலாளர். “இப்படி ஒரு வரிய நாமளே எழுதிக் குடுத்தா விசாரணையில அதையே அவங்களுக்கு எதிரா வெப்பாங்க.”

அதுவும் உண்மைதான். என் திருத்தத்தை வாக்குக்கு விட்டார்கள். என்னோடு சேர்த்து மூன்று கைகள் உயர்ந்தன. எதிராக மற்ற எல்லாம். எதிராக உயர்ந்த கைகளில் ஒன்று என்னை அதிர வைத்தது. எங்கள் பள்ளியிலேயே கணக்கு நடத்துகிற சார். அவரும் ஒரு காலனியிலிருந்து படித்து வந்தவர்தான். படியிறங்கும்போது அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவரே என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“நான் உங்க பக்கம் கை தூக்கினா, சாதிக்காகத் தூக்கினான்னு சொல்லுவாங்க டீச்சர். நீங்க தூக்கினா நியாயத்துக்காகன்னு சொல்லுவாங்க. இருபது வருஷமா நான் இந்தக் கணக்கத்தான் போட்டுகினு இருக்கேன்.”

சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் என் வகுப்பில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சத்துணவுக்கூடத்திலிருந்து குடிதண்ணீர் கேன் தூக்கி வர “ரெண்டு பேர் வாங்க” என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. இரண்டு பேர் எழுந்தார்கள். எப்போதும் எழுகிற இரண்டு பேர். நோட்டுகளை ஆபீசுக்கு எடுத்துப் போக, விருந்தினர் வந்தால் பூங்கொத்துக் கொடுக்க நான் கூப்பிடுகிற பிள்ளைகள் வேறு. இதை நான் என்றைக்கும் யோசித்து ஏற்பாடு செய்ததில்லை. அந்த இரண்டு பேரின் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். சாக்பீஸை மேஜைமேல் வைத்தேன். “ஒக்காருங்க, நானே எடுத்துகினு வரேன்” என்று போனேன். கேன் கனமாக இருந்தது. பிள்ளைகள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். அதற்கப்புறம் வரிசை எண்ணின்படி எல்லோரையும் அனுப்புகிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷம் கழித்துச் செய்கிறேன்.

விசாரணை அதிகாரி என்னையும் கூப்பிட்டார். துப்புரவு ஆள் கேட்டு நான் எழுதிய மூன்று மனுக்களின் நகலையும் கொடுத்தேன். அக்கா அன்று சமையலறையில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. என்னிடம் நம்பிச் சொன்னது அது. சொல்லியிருக்க வேண்டுமா என்று பல நாள் மனசுக்குள் இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறேன். தேவைப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விசாரணையில் அக்காவே அதைச் சொல்லிவிட்டாராம்.

நான்கு மாதத்தில் சஸ்பெண்ட் முடிந்து, அக்காவுக்குச் செய்யாறு பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. பழைய பள்ளியில் பொறுப்பை ஒப்படைக்கப் போன அன்று, யாரும் உத்தரவு போடாமலேயே பிரார்த்தனை முடியும் வரை நின்று, பிள்ளைகள் முன்னால் பேசினாராம். அந்த அம்மாதான் போனில் சொன்னார். “பெருசா ஒண்ணியும் பேசல டீச்சர். இந்த மூணு பேர மட்டும் நான் அனுப்பினது தப்பு, யாரும் அவங்கள அந்த மாதிரி நெனைக்கக் கூடாதுன்னாங்க. என் பொண்ணு வந்து சொன்னா.” பிறகு, “எனக்கு அவங்க மேல கோவம் போயிடுச்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாப் புள்ளைங்களும் கேட்டுச்சிங்க” என்றார்.

துப்புரவுக்கு ஒருவரைப் போட்டார்கள். சில வாரம் வருகிறார், சில வாரம் வருவதில்லை. ஊருக்குள் நான்கைந்து வீடுகள் பிள்ளைகளை வேனுக்கு மாற்றிவிட்டன. பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது என்று காரணம் சொன்னார்களாம். காலனிப் பிள்ளைகள் ஒருவரும் போகவில்லை. அந்த அம்மா இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கூட்ட நாளில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறார்.

அடுத்த சங்கத் தேர்தலில் என்னை யாரும் முன்மொழியவில்லை. மனு எழுத இப்போது வேறொரு தம்பி இருக்கிறார், கம்ப்யூட்டரில் அடிக்கிறார். அக்கா ஏழெட்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் ஆரணி பஸ் நிலையத்தில் எதிரெதிரே வந்துவிட்டோம். ஒதுங்க இடமில்லை.

“நீதான் எழுதினேன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சி” என்றார். “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதியிருக்கலாம் நீ.”

“சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டேன்க்கா.”

அவர் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, “சுகர் மாத்திரைய ஒழுங்கா போடறியா?” என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. பழைய மாதிரி ஆகிவிட்டோம் என்று சொல்ல முடியாது. போன் செய்தால் எடுக்கிறார்.

இந்த வருஷப் பொதுக்குழுவில் பின்வரிசையிலிருந்து எழுந்து ஒரு தீர்மானம் கொடுத்தேன். எந்தப் பள்ளியிலும் எந்தக் குழந்தையையும் சாதி பார்த்து வேலைக்கு அனுப்புவதை எங்கள் சங்கம் எதிர்க்கும், அப்படி நடந்தால் குழந்தையின் பக்கம் நிற்கும் என்று இரண்டே வரி. சலசலப்பு வந்தது. வாக்குக்கு விட்டார்கள். கைகளை எண்ணச் செயலாளருக்கு இந்தத் தடவை கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி, கணக்கு சாரின் கையும் மேலே இருந்தது. ஆனாலும் தீர்மானம் தோற்றது.

அடுத்த பொருள் பழைய ஓய்வூதியம். அதற்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தூக்கினேன்.